வெண்ணெய் நிறத் தரை

கார் நிற்கும் தரை எண்ணெய் சொட்டினால் தாங்க வேண்டும். டயர் திரும்பினால் பெயரக் கூடாது. மழையில் வழுக்கக் கூடாது. விழுந்த தண்ணீர் யாருக்கும் உபத்திரவம் இல்லாமல் வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஒருவர் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்திருக்க வேண்டிய அவசியமில்லை. நான் கற்பித்திருந்தேன். அதனால்தானோ என்னவோ எனக்குப் புரியவில்லை.

சவுதியில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கார் ஒரு வருடம் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றது. பிறகு வீட்டின் பக்கவாட்டில், அக்காவின் மனையைப் பிரிக்கும் மதிலை ஒட்டி, ஒரு கார் ஷெட் போட முடிவு செய்தேன். கூரை இரண்டே நாளில் முடிந்தது. கூரையைப் பற்றி யாருக்கும் அபிப்பிராயம் இல்லை. தரை என்றதும் ஊரே வந்துவிட்டது. எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் நாங்கள் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பதற்குள் தரையைப் பார்த்து முடித்திருப்போம். உள்ளே இருப்பவர் வளைகுடாவில் என்ன வேலை, எத்தனை வருடம், திரும்பி வருவாரா என்பதெல்லாம் தரையிலேயே தெரிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒருவர் இன்டர்லாக் கல் பதிக்கச் சொன்னார். புல் முளைக்கும், அது ஆட்டுக்கொட்டில் மாதிரி ஆகும் என்றார் இன்னொருவர். சர்ச்சில் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஓய்வுபெற்ற கண்டக்டர், கிரானைட் போடாவிட்டால் மகனுக்குத்தான் குறைச்சல் என்றார். அவர் வீட்டு முற்றத்தில் இன்றுவரை மண்தான்.

இவர்களையெல்லாம் நான் மனதுக்குள் ஏளனம் செய்தேன். இவர்களுடைய பேச்சையே பின்பற்றவும் செய்தேன்.

கொத்தனார் கள்ளிக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஒரு பத்து வயது இளையவர். குறைவாகப் பேசுவார், பேசினால் குத்தும். அவர் ஷெட்டின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சாரே, மண்ணப் போட்டு வெள்ளம் ஊத்தி நல்லா இடிக்கணும். மேல ஜல்லி. அதுக்கு மேல கம்பிவலை வெச்சி நாலு இஞ்சு காங்கிரீட்டு. ஈரம் காயதுக்கு முந்தி ஈக்கிலி வாரியலால ஒரு இழுப்பு இழுத்து விடுவேன். சொரசொரன்னு கெடக்கும். டயரு பிடிக்கும், ஆளும் விழாது. தீந்து."

ஈர்க்கில் துடைப்பத்தால் கோடு போட்ட சிமெண்டுத் தரை. மகன் வீடியோ அழைப்பில் பார்த்தால் என்ன நினைப்பான் என்று நான் நினைத்தேன். மகன் ஒன்றும் நினைத்திருக்க மாட்டான். அவன் கடைசிவரை தரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டைல்ஸ் போடலாம்" என்றேன். "வராந்தாவில் இருக்கிற அதே மாதிரி. இரண்டும் ஒரே தரையாகத் தெரிய வேண்டும்."

"காருக்கா?"

"காருக்குத்தான்."

"கார் செருப்பக் கழத்திப் போட்டுட்டா சாரே உள்ள கேறும்?"

அவருடன் வந்த கையாள் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் பாடம் எடுப்பேன். சிமெண்டில் தண்ணீர் சேர்ந்தால் என்ன நடக்கிறது, எந்தப் படிகம் முதலில் உருவாகிறது, டைல்ஸ் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கால் மணி நேரம் பேசினேன். அவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "செரி சாரே, டைல்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்.

பனச்சமூட்டில் ஒரு கடையில் வெண்ணெய் நிறத்தில் பளபளவென்று ஒரு டைல்ஸ் இருந்தது. விற்பனைப் பையன் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் அதன் பெருமையைச் சொன்னான். அதில் என் முகம் தெரிந்தது. வழுக்கைத் தலையும் கண்ணாடியும் தெளிவாகவே தெரிந்தன. வேறொன்றும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

அடுத்த தகராறு சரிவைப் பற்றி. தரைக்கு ஒரு பக்கம் சாய்வு கொடுத்தால்தான் தண்ணீர் ஓடும். முன்பக்கம் ரோடு. ஆனால் எங்கள் ரோட்டுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, ரோடு இப்போது எங்கள் வாசலைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. ரோட்டுப் பக்கம் தண்ணீர் போகாது. கொத்தனார் வழி சொன்னார். ஷெட்டின் முன்னால் குறுக்கே ஒரு சின்ன ஓடை வெட்டி, மேலே இரும்பு அழிக்கம்பி போட்டு, என் மனையிலேயே மூலையில் ஒரு குழி எடுத்து அதில் விட வேண்டும்.

அந்த மூலையில் என் ஆந்தூரியம் செடிகள் இருந்தன. பதினாறு செடிகள், வரிசையாக, சிவப்புப் பூவோடு. அவற்றை இடம் மாற்ற எனக்கு மனமில்லை.

"மதில் பக்கமாகச் சரிவு கொடுங்கள்" என்றேன். "மதிலின் அடியில் ஒரு ஓவு விட்டால் போதும்."

ஓவு என்றால் தண்ணீர் போவதற்குச் சுவரில் விடும் துளை. கொத்தனார் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் அக்காவின் வாழைக்கூட்டம். அதிலிருந்து பத்தடி தள்ளி அவளுடைய கிணறு.

"சாரே, அங்க கெணறு உண்டு."

"மழைத் தண்ணீர்தானே போகும். கிணற்றுக்கு நல்லதுதான். அரசாங்கமே மழைநீரை மண்ணில் இறக்கச் சொல்கிறது."

டைல்ஸ் பதித்து முடிந்த அன்று அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தரையின் நடுவில் கவிழ்த்தார். வேலை முடித்தால் அவர் அப்படிச் செய்வது வழக்கம். தண்ணீர் ஒரு கணம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் மதில் பக்கம் ஓடி ஓவுக்குள் இறங்கியது. வேலை அவ்வளவு சுத்தம். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"மக்கா, இது கெணத்துப் பக்கமாக்கும் வருது."

"மழை வெள்ளம்தான் அக்கா. ஊத்து கூடும். உனக்கு நல்லதாக்கும்."

"நீ சொன்னா செரி" என்றாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறாள். அவளிடம் ஊர் மதிக்கும்படி இருந்தது ஒன்றே ஒன்று, அந்தக் கிணறு. வெட்டுக்கல் பாறைக்குள் இறங்கிய கிணறு. மீன மாதக் கோடையிலும் வற்றாது. அந்தத் தண்ணீரில் பாலில்லாமல் போட்ட கட்டன்சாயாவுக்குத் தனி ருசி என்று சர்ச்சில் எல்லோரும் சொல்வார்கள். வீட்டு ஜெபம் யார் வீட்டில் நடந்தாலும் முந்தின நாள் ஒரு பெண் குடத்தோடு அக்கா வீட்டுக்கு வருவாள். வருடத்துக்கு ஒருமுறை சர்ச்சில் நடக்கும் அசன விருந்துக்கும் பீப்பாய்களில் அந்தத் தண்ணீர்தான் போகும். அப்போதெல்லாம் அக்கா கிணற்றடியில் நின்று, "மெதுவா கோரு பிள்ள, கலக்காத" என்று அதிகாரம் செய்வாள். வேறெங்கும் அவள் அதிகாரம் செய்து நான் பார்த்ததில்லை.

கார் உள்ளே வந்த முதல் நாளே வெண்ணெய் நிறத்தின் யோக்கியதை தெரிந்தது. இரண்டு கறுப்புக் கோடுகள், நடுவில் ஒரு எண்ணெய்ச் சொட்டு. சிமெண்டுத் தரையாக இருந்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. இங்கே வெள்ளை வேட்டியில் விழுந்த மீன்குழம்பு மாதிரி இருந்தது. சோப்புத்தூளுக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், போயிற்று. இது எண்ணெயைக் கரைக்க எண்ணெய் வேண்டும் என்கிற சாதாரண வேதியியல். அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்ணெண்ணெய் தெளித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத்தூள் தூவி, குழாயைத் திறந்து கழுவி விடுவேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓவுக்குள் போகும். தரை பளபளக்கும். என் முகம் தெரியும்.

மனைவி அப்போது மகள் வீட்டில் பெங்களூரில் இருந்தாள். இந்தக் காரியத்தில் அவளுக்குப் பங்கில்லை. முழுக்க நான்தான்.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்து மூன்றாவது வாரம் என் வீட்டில் ஜெபம். வீட்டுக்குள் இடமிருந்தும் கார் ஷெட்டில்தான் நாற்காலி போட்டேன். காரை ரோட்டில் மழையில் விட்டேன். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் காலோடு டைல்ஸில் ஏறினார்கள். போதகர் வழுக்கி, கண்டக்டரின் தோளைப் பிடித்துத் தப்பினார். உடனே நான் சாக்குகளைக் கொண்டுவந்து விரித்தேன். அவை போதாமல், பழைய தேர்தல் பிளெக்ஸ் ஒன்றையும் குப்புற விரித்தேன். என் வெண்ணெய் நிறத் தரை மொத்தமும் மறைந்துபோயிற்று. ஓரங்களில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தெரிந்தது. சாட்சி சொல்லும் நேரம் வந்தபோது நான் எழுந்து, இந்தப் புதிய ஷெட்டுக்காகவும் அதன் தரைக்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஸ்தோத்திரம் என்றார்கள்.

பிறகு அக்கா அவள் வீட்டிலிருந்து பெரிய கெட்டிலில் கட்டன்சாயா கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன்.

நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. மண்ணெண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே படலமாக நிற்கும், மிகக் கொஞ்சம் இருந்தாலும் மணக்கும். இதைப் பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து வந்தது, எந்தத் துளை வழியாகப் போனது, எத்தனை சனிக்கிழமைகள் என்பதெல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது. கிளாஸைத் தூணுக்குப் பின்னால் வைத்தேன்.

கண்டக்டர் உரக்கக் கேட்டார். "எக்கா, இந்தக் கட்டன ஊத்துனா வண்டி ஓடும் போலுண்டே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் கிளாஸை முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள். அக்கா கெட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியது.

"கெட்டில்ல மண்ணெண்ண வெச்சிருந்தேன், அந்த வாடயாக்கும். கழுவுனது போராது" என்றாள்.

அப்போது ஒருவர் பேசினார். "அக்காவுக்கு இப்பம் மூக்கும் போச்சு" என்றார். மறுபடியும் சிரிப்பு. அதைச் சொன்னது கண்டக்டர் இல்லை. நான்.

அதன்பின் யாரும் குடத்தோடு வரவில்லை. மூக்கு போன கிழவி, கெட்டிலைக்கூடக் கழுவத் தெரியாதவள் என்று பேச்சு போயிற்று. பிறகு கிணறே சரியில்லை என்றும் போயிற்று. அசனத்துக்கு முன்பு கமிட்டி கூடியபோது, இந்த வருடம் லாரித் தண்ணீர் போதும் என்று முடிவாயிற்று. அதைப் பக்குவமாக அக்காவிடம் சொல்லப் படித்தவர் ஒருவர் வேண்டும் என்றார்கள். என்னை அனுப்பினார்கள். போனேன், பக்குவமாகச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"செரி" என்றாள். "லாரி வெள்ளத்துல சோறு வெந்து வரட்டு."

அதற்கடுத்த நாளிலிருந்து அவள் குடத்தோடு என் வீட்டுக் குழாய்க்கு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் கிணற்றில் இலை விழுந்து கிடக்கிறது என்பாள், இன்னொரு நாள் கயிறு அறுந்துவிட்டது என்பாள். நான் குழாயைத் திறந்து விடுவேன். தண்ணீர் தருகிற தம்பி. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சனிக்கிழமைகளில் தரையைக் கழுவிக்கொண்டுதான் இருந்தேன். இதைப் படிப்பவர் நம்ப மாட்டார். மண்ணெண்ணெயைக் குறைத்தேன். அளவைக் குறைத்ததை ஒரு திருத்தமாகவே எண்ணிக்கொண்டேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை. தரையில் நுரையும் மண்ணெண்ணெயும் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா குடத்தோடு வந்தாள். குழாயில் நான் ஹோஸ் மாட்டியிருந்ததால் மதிலோரம் காத்து நின்றாள். நான் தள்ளிவிட்ட தண்ணீர் அவள் காலை நோக்கி வந்தது. அவள் சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, இரண்டடி நகர்ந்து, அது ஓவுக்குப் போக வழி விட்டாள்.

நான் குழாயை மூடினேன்.

"அக்கா, உன் கெணறு கெட்டது என்னாலயாக்கும்."

"தெரியும்."

"எப்பம் முதல்?"

"நீ ஒரு வாய் குடிச்சிட்டு கிளாஸத் தூணுக்குப் பொறத்தால கொண்டு வெச்சியே, அப்பம் முதல். சின்னதுலயே உனக்கு வேண்டாத்தத ஏதாவது தூணுக்குப் பொறத்தாலதானே ஒளிப்பே."

"பின்ன ஏன் அக்கா சொல்லல்ல?"

"எலே, கெமிஸ்ட்ரி படிப்பிச்சது நானா நீயா? இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு இருந்தேன். மூணு மாசமாச்சு." குடத்தை நீட்டினாள். "ஹோஸக் கழத்து. சோறு வைக்கணும்."

கொத்தனாரை மறுபடி வரவழைத்தேன். அவர் ஷெட்டைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பம் கார் இனி செருப்பு போட்டே கேறட்டா சாரே?"

"கேறட்டு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் அன்று பாடம் எடுக்கவில்லை. டைல்ஸை ஒவ்வொன்றாக உடைத்தார். அவர் வேலை நன்றாக இருந்ததால் ஒன்றும் எளிதில் பெயரவில்லை. உடைக்க நான்கு நாள் ஆயிற்று. முதலில் ஓவைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தார். ஷெட்டின் முன்னால் குறுக்கே ஓடை வெட்டி இரும்பு அழி போட்டார். ஆந்தூரியத்தைப் பிடுங்கிவிட்டு அந்த மூலையில் குழி எடுத்து ஜல்லி நிரப்பினார். பதினாறு செடிகளில் பதினொன்று தொட்டியில் பிழைத்துக்கொண்டன. செடிகளை இடம் மாற்றியது இரண்டு மணி நேர வேலை. இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நான் ஒரு கிணற்றைக் கெடுத்திருந்தேன். கடைசியாகக் காங்கிரீட் போட்டு, ஈரம் காய்வதற்குள் ஈர்க்கில் துடைப்பத்தால் கோடு இழுத்தார். இப்போது எண்ணெய் சொட்டினால் கொஞ்சம் மரத்தூள் தூவிப் பெருக்கி எடுத்துவிடுகிறேன். கறை இருக்கிறது. அது கார் நிற்கிற இடம்.

அந்தப் பக்கம் வாழை நின்ற இடத்து மண்ணை இடுப்பளவு தோண்டி அப்புறப்படுத்தினோம். கிணற்றை மோட்டார் வைத்து மூன்று முறை இறைத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க அதைக் குடிக்காமல் விட்டோம். பிறகு பரிசோதனைக்கு அனுப்பினேன், நல்ல தண்ணீர் என்று வந்தது. அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத யாருக்குக் குடிக்கக் குடுப்பேன்?" என்றாள்.

அடுத்த ஜெபத்தை அவள் வீட்டில் வைத்தாள். சாட்சி நேரத்தில் நான் எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். டைல்ஸ், ஓவு, ஆந்தூரியம், மண்ணெண்ணெய், தூணுக்குப் பின்னால் வைத்த கிளாஸ், மூக்கு போச்சு என்ற வார்த்தை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சில பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு படித்தவர் இப்படித் தாழ்த்திக்கொள்வது பெரிய காரியம் என்றார். கண்டக்டர், "சாருக்க மனசு வேற ஆருக்கும் வராது" என்றார். என்னைப் பற்றி அன்று அந்தச் சின்ன அறையில் பேசப்பட்ட அளவு நல்ல வார்த்தைகள் என் ஓய்வு விழாவில்கூடப் பேசப்படவில்லை.

அக்கா கெட்டிலோடு வந்து, போதகரைத் தாண்டி, முதலில் எனக்கு ஊற்றினாள். குடித்தேன். நன்றாக இருந்தது. மற்றவர்களும் வாங்கினார்கள். உதட்டில் வைத்தார்கள், வயிறு சரியில்லை என்றார்கள், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்றார்கள். என்னை மன்னித்துவிட்டார்கள். கிணற்றை மன்னிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வரிசையாக நிறைந்த கிளாஸ்கள் இருந்தன. அக்கா அவற்றை எடுத்து, புதிதாக நட்ட வாழையின் மூட்டில் ஊற்றினாள்.

"உனக்கு சாட்சி சொல்ல நல்லாத் தெரியும்" என்றாள். "வெள்ளம் கோரத் தெரியுமா? நாளைலேருந்து வா. பகலு வெளிச்சத்துல வா. நாலு பேர் பாக்கணும்."

மறுநாளிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு, பாறசாலை பஸ்ஸுக்கு ஆட்கள் ரோட்டில் நிற்கும் நேரத்தில், நான் அக்காவின் கிணற்றடிக்குப் போகிறேன். எழுபத்துமூன்று வயதில் கயிறு உள்ளங்கையை உரிக்கிறது. இரண்டு குடம் கோரி என் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். போகும் முன் ஒரு செம்பு அங்கேயே நின்று குடிக்கிறேன். மனைவி திரும்பி வந்துவிட்டாள், அவளும் அதைத்தான் குடிக்கிறாள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்க்கிறார்கள். முதல் வாரம் இது சாரின் புதிய எளிமை என்று பேசிக்கொண்டார்கள். இப்போது பேசுவதில்லை.

ஐந்து மாதமாகிறது. நேற்று, சர்ச்சில் எங்களுக்குப் பின் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் பஸ்ஸை விட்டுவிட்டு அக்காவின் கேட்டுக்குள் வந்தாள். அன்று கிளாஸை முகர்ந்து கீழே வைத்தவள் அவள்தான். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். நான் வாளியைச் சாய்த்தேன். அவள் முதலில் கையில் கொஞ்சம் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். பிறகு பாதி பாட்டில் நிறைத்துக்கொண்டு போனாள்.

அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா கோரு மக்கா" என்றாள் என்னிடம். "கலக்காத."